பிரசவ வலிக்கு எங்களை யார் தயார்ப்படுத்துவது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிசேரியன் பிரசவங்கள் கூடிக்கொண்டே போவது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையையும், அதைத் தொடர்ந்து வந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். கடிதம் எழுதியவர்களில் பலர் ஆண்கள். "இந்தக் காலத்துப் பெண்களுக்கு வலி தாங்கத் தெம்பில்லை, எங்கள் பாட்டி காட்டு வேலை பார்த்துக்கொண்டே பிள்ளை பெற்றாள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

நான் இரண்டு பிள்ளைகளைப் பெற்றவள். சிவகாசிக்குப் பக்கத்துக் கிராமம். நோட்டுப் புத்தகமும் காலண்டரும் அடிக்கிற ஓர் அச்சகத்தில் கணக்கு எழுதுகிறேன். என் இரண்டு பிரசவமும் ஆபரேஷன் இல்லாமல் நடந்தவைதான். முதல் பிரசவத்தை நினைத்தால் இன்றைக்கும் கை நடுங்கும். இரண்டாவதை நினைத்தால் அப்படி இல்லை. அது அரசு மருத்துவமனையில், வலிக்கு மருந்து இல்லாமல், வலி வரவைக்கும் ட்ரிப் இல்லாமல் நடந்தது. நடுவில் என் உடம்பில் தெம்பு ஒன்றும் கூடிவிடவில்லை. வயது கூடியிருந்தது, ரத்தமும் குறைவு. இரண்டாவது பிரசவம் எப்படியும் சுலபம் என்பார்கள், அதில் உண்மை இருக்கிறது. ஆனால் மாறியது அது மட்டும் இல்லை.

தெம்பு பற்றிப் பேசுகிறவர்களுக்கு முதலில் ஒன்று. என் பாட்டியும் உழைத்தவள்தான். சாத்தூர்ப் பக்கம் கரிசல் காட்டில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தவள், வலி கண்டு வீட்டுக்கு நடந்து வந்து பெற்ற பிள்ளை என் பெரிய மாமா. இந்தக் கதையை எங்கள் குடும்பத்து ஆண்கள் பெருமையாகச் சொல்வார்கள். பாட்டி சொன்ன மிச்சக் கதையைச் சொல்ல மாட்டார்கள். மாமாவுக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. பாட்டியின் கூடப்பிறந்த தங்கச்சி பிள்ளை பிறந்த பிறகு ரத்தம் நிற்காமல் அன்று ராத்திரியே போய்விட்டாள். பாட்டிக்குப் பக்கத்தில் நாலு பெண்கள் இருந்தார்கள், நடக்கவும் குத்தவைத்து உட்காரவும் இடம் இருந்தது, ஆஸ்பத்திரி இல்லை. எங்களுக்கு ஆஸ்பத்திரி வந்துவிட்டது. அது வந்த வேகத்தில், பாட்டிக்கு இருந்த மற்றதெல்லாம் போய்விட்டது.

2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின் கணக்குப்படி, தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. அவற்றுக்காக நாம் பெருமைப்படலாம். அதே ஆய்வில் சிசேரியன் 44.9 சதவீதம், தனியாரில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. நாடு முழுவதற்கும் சேர்த்தால் 21.5தான். எல்லோரும் பேசுவது இந்த எண்களைத்தான். அரசு மருத்துவமனைக்குப் போகிற பெண்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேர் ஆபரேஷன் இல்லாமல் பெறுகிறார்கள் என்பதும் இதே கணக்கில்தான் இருக்கிறது. வலி தெரியாமலிருக்க முதுகில் போடும் எபிடூரல் ஊசி பெரும்பாலும் பெரிய தனியார் மருத்துவமனைகளில், பணம் கட்டுகிறவர்களுக்குக் கிடைப்பது. ஆகவே இந்தப் பெண்களில் பெரும்பாலோர் வலிக்கு எந்த மருந்தும் இல்லாமல் பெறுகிறார்கள். வெளிநாடுகளில் மருந்தில்லாமல் பெற விரும்புகிறவர்கள் மாதக்கணக்கில் வகுப்புக்குப் போய்த் தயாராகிறார்களாம். இங்கே யாரும் விரும்பிக் கேட்காமலே அது நடக்கிறது, தயாரிப்பு மட்டும் கிடையாது. பத்து மாதமும் எடை பார்க்கிறார்கள், ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், மாத்திரை தருகிறார்கள், ஸ்கேன் எடுக்கிறார்கள். வலி வந்தால் உடம்புக்குள் என்ன நடக்கும், என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை. நான் இந்தக் கடிதம் எழுதுவது இதற்காகத்தான்.

என் முதல் பிரசவம் ஒரு தனியார் மருத்துவமனையில். பெயர் வேண்டாம். தேதி நெருங்கிவிட்டது, வந்து சேர்ந்துவிடு என்றார்கள். வலியே இல்லாமல் போய்ப் படுத்தேன். கையில் ட்ரிப் ஏற்றினார்கள். எதற்கு என்று கேட்டதற்கு, "வலி வரதுக்கும்மா" என்பதோடு சரி. ஏன் இன்றைக்கே வர வேண்டும், காத்திருந்தால் என்ன என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை. ட்ரிப் ஏறினால் வலி எப்படி வரும் என்பதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். ஒன்று அடங்குவதற்குள் அடுத்தது. மல்லாக்கப் படுத்தே கிடக்க வேண்டும், எழுந்தால் திட்டு. அம்மா கதவுக்கு வெளியே. உள்ளே நான் தனி. தாகத்துக்குத் தண்ணீர் கேட்டேன், கொடுக்கவில்லை. கத்தினேன். "புருஷனோட இருக்கும்போது தெரியலையா" என்று ஒருவர் கேட்டார். இதே வார்த்தையை, வேறு வேறு ஊர்களில், வேறு வேறு மருத்துவமனைகளில் கேட்டதாக என்னிடம் சொன்ன பெண்கள் பலர். கடைசியில் ஒருவர் என் வயிற்றின் மேல் முழங்கையை வைத்து அழுத்தினார். சொல்லாமலே, பிள்ளை வரும் வழியில் கத்தி வைத்துக் கிழித்தார்கள், தையல் போட்டார்கள். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. அதனால் வீட்டில் எல்லோரும், ஆபரேஷன் இல்லாமல் முடிந்தது, செலவு மிச்சம் என்று சந்தோஷப்பட்டார்கள். எனக்கு மட்டும் அடுத்த பிள்ளை என்ற பேச்சை எடுத்தாலே வயிற்றைக் கலக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2018இல் பிரசவ கவனிப்புக்கு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. பிறகுதான் அதைப் பற்றித் தெரிந்துகொண்டேன். வயிற்றை அழுத்திப் பிள்ளையைத் தள்ளுவது கூடாது என்கிறது. எல்லோருக்கும் வழக்கமாகக் கத்தி வைப்பது கூடாது. சிக்கல் இல்லாத பெண்கள் வலியின்போது தண்ணீர் குடிக்கலாம், சாப்பிடலாம், நடக்கலாம், உட்காரலாம். அவள் விரும்பும் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கும்போது, கர்ப்பப்பையின் வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்கவில்லை என்பதற்காக மட்டும் அவசரப்படுத்தக் கூடாது. வலி குறைக்கும் மருந்து வேண்டும் என்று கேட்கிற பெண்ணுக்கு அது கிடைக்க வேண்டும் என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. எனக்கு நடந்ததை வரிசையாக அதோடு ஒப்பிட்டுப் பார்த்து, இதெல்லாம் விதி இல்லை, தவிர்த்திருக்கலாம் என்று தெரிந்தபோது வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை.

இரண்டாவது முறை கருவுற்றபோது எங்கள் ஊர் கிராம சுகாதாரச் செவிலியரிடம் மனம்விட்டுச் சொன்னேன். பணி ஓய்வுக்கு நெருங்கிய அக்கா அவர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூட்டம் கரையும் வரை என்னை உட்கார வைத்து, பிறகு பேசினார். நான் கணக்கு எழுதுகிறவள் என்பதால் கணக்காகவே சொன்னார். பிரசவ வலி நன்றாகப் பிடித்த பிறகும் பத்து நிமிடத்துக்கு மூன்று நான்கு முறைதான் வரும். ஒவ்வொன்றும் முக்கால் நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம். கூட்டிப் பார், பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் உனக்கு வலிக்காது. அந்த ஆறு நிமிடத்தையும் அடுத்த வலியை நினைத்துப் பயந்தே கழிக்கிறவள்தான் சோர்ந்துபோகிறாள் என்றார். முதல் பிரசவத்துக்கு முன்னால் இதை யாராவது எனக்குச் சொல்லியிருந்தால்!

இன்னொன்றும் சொன்னார். வலியை வரவைக்கிற ஆக்ஸிடோசின் நம் உடம்பிலேயே சுரக்கிறது. பயந்தால், வெட்கப்பட்டால், யாராவது அதட்டினால் உடம்பு அட்ரினலினைக் கூட்டிவிடும், வலி தடுமாறும். தெரிந்த முகம் பக்கத்தில் இருந்தால், வெளிச்சமும் சத்தமும் குறைவாக இருந்தால், அது தன்போக்கில் போகும். மருந்தில்லாத பிரசவத்துக்குத் துணை வேண்டும் என்பது சொகுசுக்காக இல்லை, உடம்பு வேலை செய்கிற விதமே அப்படி.

ஆனால் அந்த அக்கா முதலில் பார்த்தது என் ரத்தத்தை. கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11க்குக் குறையக்கூடாது, எனக்கு 9.4 இருந்தது. ரத்தம் இல்லாத உடம்போடு மருந்தில்லாமல் பெறுவேன் என்று அடம்பிடிக்காதே, ரத்தப்போக்கு வந்தால் தாங்க மாட்டாய் என்று கறாராகச் சொன்னார். இரும்புச் சத்து மாத்திரையை டீயோடு விழுங்குவதை நிறுத்தினேன். டீ அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது, எலுமிச்சை, நெல்லிக்காயோடு சேர்த்தால் நன்றாகச் சேரும். முருங்கைக்கீரை, கேழ்வரகு, ஆட்டுச் சுவரொட்டி (மண்ணீரல்), கோவில்பட்டி கடலைமிட்டாய் என்று வீட்டிலும் எல்லோரும் கவனித்தார்கள். மாதம் 9ஆம் தேதி நடக்கும் கர்ப்பிணிகள் முகாமில் மருத்துவரிடம் நேராகக் கேட்டேன். ரத்த அழுத்தம் சரி, சர்க்கரை இல்லை, ஒற்றைக் குழந்தை, தலை கீழே, நஞ்சுக்கொடி மேலே இருக்கிறது, ரத்தம் 11ஐத் தொட்டுவிட்டது, உன் விருப்பப்படி முயலலாம், நடுவில் ஏதாவது மாறினால் நாங்கள் சொல்வதைக் கேட்க வேண்டும் என்றார். சரி என்றேன்.

உடம்பைத் தயார்ப்படுத்தியது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சாயங்காலம் நடை. உள்ளங்கால்களைச் சேர்த்து வைத்து உட்காரும் பட்டாம்பூச்சி ஆசனம். சுவரைப் பிடித்துக் குத்தவைத்து எழுந்திருப்பது. இவற்றை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு செய்தேன். மூச்சுதான் முக்கியம். மூக்கால் இழுத்து, வாயைத் தளர விட்டு, இழுத்ததைவிட நீளமாக வெளியே விட வேண்டும். தாடை இறுகினால் இடுப்பும் இறுகும் என்பார் அக்கா. பல்லைக் கடித்துக் கத்துவதற்குப் பதிலாக அடித்தொண்டையில் ம்ம்ம் என்று முனகிப் பழகச் சொன்னார். அச்சகத்தில் மெஷின் ஓடும் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்பதால் அங்கேயே பழகினேன்.

துணைக்கு யார் என்பதில் வீட்டில் பேச்சு எழுந்தது. என் வீட்டுக்காரருக்கு உள்ளே வர ஆசை. மத்திய அரசு 2016இலேயே பிரசவத் துணை பற்றி மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது: பிரசவம் கண்ட ஒரு பெண் உறவினர் கூட இருக்கலாம், தொற்று நோய் இருக்கக் கூடாது, சுத்தமான உடை, மருத்துவர்களின் வேலையில் தலையிடக் கூடாது, வார்டில் இருக்கும் மற்றப் பெண்களைக் கவனிக்கப் போகக் கூடாது. மறைப்பு வசதி இருக்கும் இடத்தில் கணவரையும் அனுமதிக்கலாம் என்றும் அதில் இருக்கிறது. எங்கள் மருத்துவமனையில் கட்டிலுக்குக் கட்டில் மறைப்பு கிடையாது, ஆகவே அவர் வெளியே நிற்க வேண்டியதாயிற்று. அம்மா என் வலியைப் பார்த்தால் அம்மாவுக்கே மயக்கம் வரும். என் மதினியைக் கேட்டேன். இரண்டு பெற்றவர், எதற்கும் பதறாதவர். அவரையும் செவிலியர் அக்காவிடம் கூட்டிப்போனேன். வலி வரும்போது இடுப்புக்குக் கீழே, முதுகுத்தண்டு முடிகிற அந்தப் பட்டை எலும்பில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து எப்படி ஊன்றி அழுத்துவது என்று மதினிக்குச் செய்து காட்டினார்.

வலி ராத்திரியில் தொடங்கியது. சூட்டு வலியாக இருக்கும் என்று அம்மா சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்தார். குடித்து, வெந்நீரில் குளித்து, ஒருக்களித்துப் படுத்தும் பார்த்தேன். பொய் வலி என்றால் அடங்கும். இது கூடிக்கொண்டே வந்தது, ஒழுங்காகவும் வந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்று ஆன பிறகு கிளம்பினோம். தண்ணீர்க்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தை அசைவு குறைந்தாலோ, கடுமையான தலைவலியோ கண் மங்கலோ வந்தாலோ, இந்தக் கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே 108ஐக் கூப்பிட வேண்டும் என்பதைச் சுவரில் எழுதி ஒட்டியே வைத்திருந்தோம். கிளம்பும் முன் இரண்டு இட்லியும் கருப்பட்டிக் காப்பியும். வெறும் வயிற்றோடு போகாதே என்று மதினி விடவில்லை.

பிரசவ வார்டில் அன்று பணியில் இருந்த செவிலியரை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அவர் பெயரையும் எழுத முடியாதது வருத்தம்தான். பரிசோதித்துவிட்டு, நன்றாகத் திறந்து வருகிறது, குழந்தைத் துடிப்பு 140 இருக்கிறது, 110க்கும் 160க்கும் நடுவில் இருந்தால் பயமில்லை என்று எனக்கே சொன்னார். பிரசவ வார்டில் என் உடம்பைப் பற்றி என்னிடமே ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. ட்ரிப் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். இப்போதைக்குத் தேவையில்லை, தேவைப்பட்டால் ஏன் என்று சொல்லிவிட்டுப் போடுகிறேன் என்றார். அரைமணிக்கு ஒருமுறை வந்து துடிப்பைக் கேட்டு, பார்ட்டோகிராப் என்கிற தாளில் குறித்துக்கொண்டார். மற்ற நேரம் வராந்தாவில் நடந்தேன். வலி வந்தால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக் குனிந்து நிற்பேன், மதினி இடுப்பில் ஊன்றி அழுத்துவார். அழுத்தினால் வலி போகாது. ஆனால் தாங்குகிற அளவுக்கு வந்துவிடும்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு சின்னப் பெண், தலைச்சன் பிரசவம். அவளோடு வந்தவர்களில் பிரசவம் கண்ட பெண் யாரும் இல்லையோ என்னவோ, அவள் தனியாகத்தான் கிடந்தாள். கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அம்மா அம்மா என்று கதறினாள். முதல் பிரசவத்தில் நான் கிடந்த கிடை அதுதான். விதிப்படி என் மதினி அவள் கட்டிலுக்குப் போகக்கூடாது. நின்ற இடத்திலிருந்தே, "மூச்ச விடு தாயி, நீளமா விடு, வலி எறங்குது பாரு, எறங்கிருச்சு" என்று அவளுக்கும் சேர்த்துச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணும் எங்களோடு சேர்ந்து ஊத ஆரம்பித்தாள். ஒரு செவிலியர், நாலைந்து கட்டில். அவர் எத்தனை பேர் கையைத்தான் பிடித்துக்கொண்டிருக்க முடியும்? செவிலியர்களைக் குறை சொல்லி வருகிற கடிதங்களைப் படிக்கும்போது எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

விடியும் நேரம், உடம்பு உதறியது. குளிர் இல்லை, ஆனாலும் பல் கிட்டியது. வாந்தி வந்தது. வலிக்கும் வலிக்கும் நடுவில் இருந்த அந்த இடைவெளி காணாமல் போனது. "என்னால முடியாது, ஆபரேஷன் பண்ணச் சொல்லுங்க மதினி" என்று அவர் சேலையைப் பிடித்து இழுத்தேன். இந்த இடத்தைப் பற்றி உங்கள் வாசகர்கள் எல்லோரும், முக்கியமாக ஆண்கள், தெரிந்துகொள்ள வேண்டும். கர்ப்பப்பையின் வாய் முழுசாகத் திறப்பதற்குச் சற்று முன்னால் வருகிற கட்டம் இது. ரொம்பப் பேருக்கு இந்த நேரத்தில் உதறல், வாந்தி வரும், இனி முடியாது என்று தோன்றும். பிள்ளை பிறக்க மிகவும் நெருங்கிவிட்ட நேரம் இதுதான். இது தெரியாத பெண், தான் சாகப்போகிறோம் என்றே நினைப்பாள். வெளியே நிற்கிற அம்மா, மாமியார், கணவன் காதில் அவள் கதறல் விழும். யாரும் எதுவும் சொல்லாததால் அவர்களும் பதறி, "டாக்டர், எங்க பொண்ணு துடிக்கிறா, எவ்வளவு செலவானாலும் சரி, அறுத்து எடுத்துடுங்க" என்பார்கள். எங்கள் தெருவிலேயே இப்படி நடந்திருக்கிறது. அந்தப் பெண்ணைத் தெம்பில்லாதவள் என்று சொல்வதில் என்ன நியாயம் இருக்கிறது?

எனக்கு மதினி இருந்தார். "இதத்தான் அக்கா சொன்னாங்க. முடியாதுன்னு சொல்லிட்டேன்னா முடியப்போகுதுன்னு அர்த்தம். இன்னும் கொஞ்சம்தான் தாயி" என்றார். அந்த வாக்கியத்துக்காக நான் அவருக்கு ஆயுள் முழுக்கக் கடன்பட்டிருக்கிறேன். செவிலியர் வந்து பார்த்தார், முழுசாகத் திறந்திருக்கிறது என்றார்.

அதற்குப் பிறகு சீக்கிரம் நடந்தது. முக்கு முக்கு என்று யாரும் அதட்டவில்லை. முக்க வேண்டும் என்று உடம்பே சொல்லும், அப்போது முக்கு என்றார் செவிலியர். தலைமாட்டை உயர்த்தி, பாதி உட்கார்ந்த வாக்கில் இருந்தேன். இடது பக்கம் ஒருக்களித்தும் கொஞ்ச நேரம் முக்கினேன். தலை தெரிகிற நேரத்தில், "இப்ப முக்காத, வாயால ஊது, ஊது" என்றார். அவசரமாக வந்தால் கிழியும் என்பதற்காக. எரிந்தது, மிகவும் எரிந்தது. பிறகு பிள்ளை என் நெஞ்சின் மேல் இருந்தான். துணியால் போர்த்தி, தொப்புள்கொடியை உடனே வெட்டாமல் கொஞ்சம் பொறுத்து வெட்டினார்கள். சின்னதாகக் கிழிந்த இடத்தில் மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுத் தையல் போட்டார்கள். ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்தான்.

மருந்தே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பிள்ளை பிறந்தவுடன் தொடையில் ஒரு ஊசி போட்டார்கள், மகிழ்ச்சியோடு போட்டுக்கொண்டேன். முதல் பிரசவத்தில் ட்ரிப்பில் ஏறிய அதே ஆக்ஸிடோசின்தான். பிள்ளை வந்த பிறகு கர்ப்பப்பையை இறுகவைத்து ரத்தப்போக்கைத் தடுப்பதற்காகப் போடுவது. பாட்டியின் தங்கச்சிக்கு அன்று இந்த ஓர் ஊசி கிடைத்திருந்தால் பிழைத்திருக்கலாம். 2018இல் திருப்பூரில் ஓர் இளம் தாய் வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்று ரத்தப்போக்கால் இறந்ததை நாம் மறந்துவிடவில்லை. மருத்துவமனையில் அவமானப்படுத்துகிறார்கள், அவசரப்படுத்துகிறார்கள் என்ற பயம்தான் சிலரை வீடியோ பார்த்து வீட்டில் பெறும் பைத்தியக்காரத்தனத்துக்குத் தள்ளுகிறது என்று நினைக்கிறேன். அதைச் சட்டம் போட்டு மிரட்டித் தடுப்பதைவிட, பிரசவ வார்டை ஒரு பெண் பயமில்லாமல் நுழையும் இடமாக ஆக்குவது மேல்.

ஆபரேஷனுக்கும் நான் எதிரி இல்லை. போன வருஷம் என் தங்கச்சியின் தலைச்சன் பிரசவத்துக்கு நான்தான் துணை. அவளும் இதே மாதிரி தயாரானவள். அழகாக மூச்சு விட்டு, நடந்து, பாதிக்கு மேல் தாண்டிவிட்டாள். தண்ணீர்க்குடம் உடைந்தபோது தண்ணீர் பச்சையாக வந்தது, குழந்தை உள்ளேயே மலம் கழித்துவிட்டது. துடிப்பும் இறங்கியது. மருத்துவர் வந்து இரண்டே வாக்கியத்தில் காரணம் சொன்னார். அவள் தலையாட்டினாள், ஆபரேஷன் நடந்தது, தாயும் பிள்ளையும் நலம். ஏமாந்துவிட்டோம் என்றோ, தோற்றுவிட்டோம் என்றோ அவள் ஒருநாளும் சொன்னதில்லை. ஏன் என்பது அவளுக்குத் தெரியும். நல்ல நேரம் பார்த்துக் கிழிக்கச் சொல்வதும், காரணம் சொல்லாமல் கிழிப்பதும் இதிலிருந்து வேறு.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணைத் திட்டம் 2004 முதலே இருக்கிறது. பிரசவ அறைகளின் தரத்தை உயர்த்த மத்திய அரசின் லக்‌ஷ்யா திட்டம் 2017 டிசம்பரில் வந்தது. பிரசவம் பார்ப்பதற்கென்றே தனிப் பயிற்சி பெற்ற செவிலியர்களை உருவாக்கும் வழிகாட்டுதல் 2018இல் வந்தது. தாளில் இவ்வளவு இருந்தும் எங்கள் பக்கம் பல இடங்களில் துணைக்கு வந்தவரை, கூட்டம் அதிகம் என்று வெளியே அனுப்புகிறார்கள். கூட்டம் அதிகமாக இருக்கும் நாளில்தான் துணை அதிகம் தேவை. கட்டில்களுக்கு நடுவே கம்பியும் துணித் திரையும் போட எவ்வளவு ஆகிவிடும்? திரை இருந்தால் எந்தப் பெண்ணின் துணையும் யார் கண்ணையும் உறுத்தாமல் நிற்கலாம், கணவன்மாரும் நிற்கலாம். என் வீட்டுக்காரர் அன்று ராத்திரி முழுக்க வேப்ப மரத்தடியில் நின்றிருந்தார். அவர் உள்ளே நின்று பார்த்திருந்தால், வலி தாங்கும் தெம்பு பற்றிய கடிதங்களுக்கு அவரே பதில் எழுதியிருப்பார்.

இன்னொரு வேலைக்குப் பணமே தேவையில்லை. பரிசோதனை நாளில் கர்ப்பிணிகள் பாதி நாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் ஒரு மணி நேரம், ஏழாம் மாதத்தைத் தாண்டியவர்களையும் அவர்களோடு வரப்போகும் துணையையும் உட்கார வைத்து, எங்கள் செவிலியர் அக்கா எனக்குச் சொன்னதைச் சொன்னால் போதும். பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் வலிக்காது என்பதையும், முடியாது என்று தோன்றும் நேரம் எது என்பதையும், எந்த அறிகுறிக்கு உடனே ஓடிவர வேண்டும் என்பதையும். முடிந்தால் பிரசவ அறையை ஒருமுறை கண்ணால் பார்க்கவும் விட வேண்டும். தெரியாத இடத்தில் முதன்முறையாக வலியோடு போய் விழுவது கொடுமை.

விருதுநகர் மாவட்ட சுகாதாரத் துறை அதிகாரிகள் இந்தக் கடிதத்தைப் படித்தால், எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்தே இதைத் தொடங்கலாம். அந்தச் செவிலியர் அக்கா ஓய்வு பெற்றுவிட்டார், ஆனால் கூப்பிட்டால் வருவார், கேட்டுவிட்டேன். என் மதினியும் நானும் வருகிறோம். அச்சகத்தில் விடுப்பு கேட்டு வாங்கிக்கொள்வது என் பாடு.

முதல் பிரசவம் பற்றி எழுதியிருப்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சிவகாசி வட்டம்.